கடன்காரி என்னும் கப்பலின் தலைவனுக்கு

கேப்டன் வார்கோ,
உன் கணக்கு என் நோட்டில் இருக்கிறது.
அனுமதியின்றி நிலா கடந்தது பதினோரு முறை.
தீர்வை கட்டாத நட்சத்திர உப்பு, நாற்பது பீப்பாய்.
ஒரு சிற்றரசனின் கிரீடம், உருக்கி விற்றது.
கப்பலுக்கே ‘கடன்காரி’ என்று பேர் வைத்த திமிர்,
அதற்குச் சட்டத்தில் பிரிவில்லை,
இருந்தால் அதையும் சேர்த்திருப்பேன்.

நான் ஹெர்லிண்டே. ஆண்ட்வெர்ப் துறைமுகம்,
ஆறாம் வாயில் சுங்கச் சாவடி, இரவுப் பணி.
வியாழன்தோறும் ரயிலடிக் கடையில் உன்னை வாங்கி
சரக்குப் பட்டியல்களுக்கு அடியில் ஒளித்து
உள்ளே கொண்டுவருகிறேன்.
ஆமாம், கடத்தித்தான்.
சிரிக்காதே.

மலிவுத் தாள்.
உன் கோட்டின் சிவப்பு கோட்டைத் தாண்டித்
தாடைவரை வழிந்திருக்கும்.
அச்சடிப்பவன் குடிகாரன் என்கிறான்
பக்கத்துச் சாவடி கோர்நீல்.
எனக்கென்னவோ
வரைந்த எல்லைக்குள் நிற்க
நீதான் மறுக்கிறாய் என்று தோன்றும்.

சென்ற மாதம் நிஜத்தில் ஒருவன் அகப்பட்டான்.
பெயர் டோமிஸ்லாவ். சரக்குக் கப்பலின் சமையல்காரன்.
மாவு மூட்டைமேல் காது வைத்தேன்.
மாவு டிக் டிக் என்றது.
முந்நூறு கைக்கடிகாரங்கள்.
அவன் கயிற்றைப் பிடித்துப் பாயவில்லை.
கண்ணடிக்கவில்லை, வசனம் பேசவில்லை.
மூக்கைச் சிந்தினான்.
பெண்டாட்டிக்குச் சொல்லாதீர்கள் என்றான்,
இரண்டு தரம்.
மூன்று பிரதிகளில் எழுதினேன்.
கையெழுத்துப் போட்ட விரலில் மாவு.
கார்பன் தாளில் அந்த வெள்ளை இன்னும் இருக்கிறது.
அந்த வியாழன் உன்னை வாங்கவில்லை.
அடுத்த வியாழனும்.

பிறகு வாங்கினேன். அதுதானே சங்கதி.

உன் வாள் அல்ல காரணம்.
உனக்காக ஏங்கும் பச்சைத்தோல் இளவரசிகளை
நான் படிப்பதேயில்லை, புரட்டிவிடுவேன்.
எட்டாம் பக்கம், அதற்காகத்தான்.
பொன் ஏற்றியாயிற்று,
எரிபொருள் நிரப்பியாயிற்று,
வானம் கதவில்லாமல் திறந்து கிடக்கிறது.
பின்னால் யாரோ, முன்பின் தெரியாதவன்,
இடிந்த சுரங்கத்துக்குள் கிடக்கிறான்.
நீ திட்டுகிறாய்.
அச்சேறாத சொற்களுக்குப் பதிலாகச்
சுழிகளும் மண்டையோடுகளும் குமிழை நிறைக்கின்றன.
திட்டிக்கொண்டே கப்பலைத் திருப்புகிறாய்.

யாரும் கேட்கவில்லை உன்னை.
படி இல்லை, மேலதிகாரி இல்லை,
நற்சான்று எழுத ஒரு நாய்கூட இல்லை.
நான் ஒழுங்காக இருப்பதற்கு
மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, கேப்டன்.
அது நின்றுபோனால் நான் எப்படி இருப்பேன்?
யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.
நானும்.

இந்த வாரம் உன்னை மடக்கியவள் ஒரு தீர்வைக்காரி.
ஏழாம் நிலாவின் சாவடி. இரண்டே கட்டம்.
பெட்டி போலத் தாடை, ஒற்றைக் கோட்டில் புருவம்,
பெயர் கிடையாது.
முதல் கட்டத்தில் ‘நில்’ என்கிறாள்.
இரண்டாவதில், காற்றே இல்லாத நிலாவில்,
நீ கிளம்பிய காற்றில் அவள் தொப்பி பறக்கிறது.
வரைந்தவனுக்கு அவளோடு வேலை முடிந்தது.
எனக்கு முடியவில்லை.
உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன்,
போலி முத்திரைகளைப் பார்ப்பதற்கென்று
அரசாங்கம் கொடுத்தது.
அவள் மேசைமேல் குவிந்த தாள்களுக்கு அடியில்
ஏதோ ஒரு சிவப்பு மூலை நீட்டிக்கொண்டிருக்கிறது.
மை கசிந்ததாகவும் இருக்கலாம்.

மணி மூன்றே கால்.
ஷெல்ட் ஆற்றின்மேல் மழை சாய்ந்து பெய்கிறது.
வாயிலில் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது.
உறைந்த ஹெர்ரிங் மீன், இருபது டன்
என்று எழுதியிருக்கிறது காகிதத்தில்.
எழுதியிருப்பதெல்லாம் உண்மையா,
போய்ப் பார்க்க வேண்டும்.

உன் பாக்கி நிலுவையிலேயே இருக்கட்டும்.
ஏழாம் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.
தொப்பி இன்னும் விழவில்லை.